மூட்டு வீங்கிய குழந்தைக்கு மலைச்சந்தையில் என்ன இருக்கிறது?

காலை ஏழு மணிக்குக் கட்டிலைவிட்டு இறங்கும் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடக்கிறது. பத்து மணிக்கு அதே குழந்தை பள்ளி மைதானத்தில் ஓடுகிறது. பார்ப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிப்பு என்பார்கள். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் என்றால் பழி பனிமேல் விழும். “ராத்திரி பனி கொட்டியிருக்கு, பிள்ளைக்குக் கால் பிடிச்சுக்கிச்சு.” கொடைக்கானல் மேல்மலையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல் வெள்ளையாக உறைந்து கிடப்பது உண்டு. அதனால் இந்த விளக்கத்தை யாரும் மறுப்பதில்லை.

ஆனால் காலையில் விறைப்பு, பொழுது ஏற ஏற இளக்கம் என்ற இந்த ஒழுங்கு மூட்டுக்குள் நடக்கும் அழற்சியின் கையெழுத்து. அழற்சியைத் தூண்டும் ‘இன்டர்லூகின்-6’ என்ற புரதம் விடியற்காலையில்தான் ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறுகிறது. இரவு முழுக்க அசையாத மூட்டில் நீரும் தேங்கிவிடுகிறது. நடக்க நடக்க அது கலைகிறது. குளிர் வலியைக் கூட்டிக் காட்டலாம், நோயை உண்டாக்காது. சென்னை வெயிலிலும் இதே நோய் இருக்கிறது.

பதினாறு வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியாத மூட்டு வீக்கத்தை மருத்துவர்கள் ‘ஜே.ஐ.ஏ.’ என்கிறார்கள். தமிழில் சிறார் மூட்டழற்சி எனலாம். லண்டனில் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டில் என்ற இளம் மருத்துவர் 22 குழந்தைகளைப் பார்த்து எழுதிய கட்டுரை 1897இல் வந்தது. பெரியவர்களுக்கு வரும் முடக்குவாதமும் இதுவும் ஒன்றல்ல என்று அவர் அப்போதே சொல்லிவிட்டார். இன்று இதை ஏழு வகையாகப் பிரிக்கிறார்கள். மேற்கு நாடுகளில் ஒன்றிரண்டு மூட்டு மட்டும் வீங்கும் சிறு பெண் குழந்தைகள் அதிகம். நம் நாட்டில் வளரும் பருவத்துப் பையன்கள் கணிசமாக வருகிறார்கள். அவர்களுக்குக் குதிகாலில், தசைநாண் எலும்போடு சேரும் இடத்தில் வலி, முழங்காலில் வீக்கம், இடுப்பில் பிடிப்பு. கிரிக்கெட் ஆடி வந்த அடி என்று எண்ணெய் தேய்த்தே மாதங்கள் போய்விடுகின்றன.

நோய்க்குப் பெயர் வைத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, “என்ன சாப்பாடு கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?” என்பது. இதில் இரண்டாம் பாதிக்குப் பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. உருளைக்கிழங்கு வாயு, பருப்பு வாயு, வாழைக்காய் வாயு, தயிர் குளிர்ச்சி, முட்டை சூடு, கத்தரிக்காய் கரப்பான். பாட்டி ஒன்றை எடுப்பார், அத்தை ஒன்றை எடுப்பார், பக்கத்து வீட்டுக்காரர் பாலை நிறுத்தச் சொல்வார், கைபேசியில் வரும் காணொளி கோதுமையையும் தக்காளியையும் எடுத்துவிடும். கடைசியில் தட்டில் மிஞ்சுவது ரசமும் சோறும்தான். நோயுற்ற குழந்தையை இதைவிட எளிதாக மெலிய வைக்க முடியாது.

அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகம் 2021இல் சிறார் மூட்டழற்சிக்கான வழிகாட்டு நெறிகளைத் தயாரித்தது. மருந்தல்லாத சிகிச்சைகள் பற்றிய பகுதியில் உணவுக்கு இரண்டு தெளிவான வரிகள் உண்டு. வயதுக்கேற்ற, நல்ல, சமச்சீரான உணவைப் பற்றிக் குடும்பத்தோடு பேசுங்கள் என்று ஒன்று. இந்த நோயைக் குணப்படுத்துவதற்கென்று தனிப்பட்ட உணவுத் திட்டம் எதையும் பயன்படுத்தாதீர்கள் என்று இன்னொன்று. இரண்டுமே வலுவான பரிந்துரைகள். பெரியவர்களின் முடக்குவாதத்துக்கு 2022இல் வந்த நெறிகளில் இதே கழகம் மத்தியதரைக்கடல் பாணி உணவுக்கு ஓரளவு ஆதரவு தந்தது. குழந்தைகளுக்கு அதைக்கூடச் சிகிச்சை என்று சொல்லவில்லை.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. பெரியவருக்குச் சில கிலோ குறைந்தால் முழங்காலுக்கு நல்லதாகக்கூட இருக்கலாம். 1991இல் ‘லான்செட்’ இதழில் வந்த நார்வே ஆய்வில் முடக்குவாதக்காரர்கள் ஒரு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய பட்டினி கிடந்து, பிறகு மரக்கறி உணவுக்கு மாறினார்கள். வலியும் வீக்கமும் குறைந்தன, ஓராண்டு வரை பலன் தெரிந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் எட்டு வயதுக் குழந்தையைப் பட்டினி போட்டு யாரும் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. அந்த உடம்பு அழற்சியோடு போராடிக்கொண்டே உயரமாகவும் வேண்டியிருக்கிறது.

அழற்சி அந்தக் குழந்தையின் சாப்பாட்டை எப்படித் தின்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். மூட்டின் உட்புறம் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. மூட்டு வழுக்கி அசைவதற்கான நீரைச் சுரப்பது அதன் வேலை. நோய் எதிர்ப்பு அணுக்கள் ஏதோ தவறான குறிப்பின்பேரில் அங்கே குவிந்து ‘டி.என்.எஃப்.’, இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 ஆகிய தூதுப் புரதங்களைக் கொட்டுகின்றன. சவ்வு தடித்து, நீர் கோத்து, மூட்டு வீங்குகிறது. இந்தப் புரதங்கள் மூட்டோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்ப் பசியை அடைக்கின்றன, தசையைக் கரைக்கின்றன, வளர்ச்சி ஹார்மோனின் வேலையைத் தடுக்கின்றன. கல்லீரலுக்குப் போய் ‘ஹெப்சிடின்’ என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கின்றன. ஹெப்சிடின் குடலில் இரும்புச்சத்து ரத்தத்துக்குள் நுழையும் கதவை மூடிவிடும்.

முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக் எல்லாம் கொடுத்தும் குழந்தை வெளுத்தே இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். அம்மா கொடுப்பதில் குறையில்லை, வாசல் சாத்தியிருக்கிறது. இன்டர்லூகின்-6இன் வேலையைத் தடுக்கும் ‘டோசிலிசுமாப்’ ஊசி போட்டால், வீக்கம் வடிவதோடு ஹீமோகுளோபினும் கூடவே ஏறுவதைப் பார்க்கலாம். கீரை வேலை செய்ய முதலில் மருந்து வேலை செய்ய வேண்டும். உணவா மருந்தா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவது எனக்கு உடன்பாடில்லாமல் போனதற்கு இந்த ஒரு உண்மையே போதும்.

பலர் கவனிக்காமல் விடுவது தாடை. காதுக்கு முன்னால், வாயைத் திறந்தால் விரலுக்குத் தட்டுப்படும் மூட்டும் இந்த நோயில் வீங்கலாம். வெளியே வீக்கமே தெரியாது, குழந்தை வலியென்றும் சொல்லாது. கேரட்டைக் கடிக்காது, சப்பாத்தியை நனைத்துத் தின்னும், கறித்துண்டை மென்று துப்பும், சாப்பிட ஒரு மணி நேரம் ஆகும். “சாப்பாட்டுல அடம்” என்று திட்டு விழும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். குழந்தை தன் சொந்தக் கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைச் சேர்த்து நெட்டுக்குத்தாக முன்பற்களுக்கிடையே நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். மூன்று விரல் நுழையாவிட்டாலோ, வாய் திறக்கும்போது தாடை ஒரு பக்கம் கோணினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். கவனிக்காமல் விட்டால் கீழ்த்தாடை வளராமல் உள்வாங்கிப் போகும்.

மணிக்கட்டும் அப்படித்தான். சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோவதில் எத்தனை மூட்டு மடங்குகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விரல் மூட்டு வீங்கிய பிள்ளை நாலு வாயோடு எழுந்துவிடும், வயிறு நிறைந்து அல்ல. கரண்டியின் பிடியில் துணியைச் சுற்றித் தடிப்பாக்கிக் கொடுத்தால் கூடுதலாக நாலு வாய் இறங்கும். எந்த மூலிகையும் செய்யாத உதவி இது.

சரி, கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் விளைவதைக் கொண்டு என்ன செய்யலாம்? கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நின்று பார்த்தால் கேரட், பீன்ஸ், பட்டர் பீன்ஸ், உருளைக்கிழங்கு, சௌசௌ, பட்டாணி, மலைப்பூண்டு என்று மேல்மலை விளைச்சல் குவிந்து கிடக்கும். கீழ்மலையான தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, கே.சி.பட்டி பக்கமிருந்து மலைவாழை, ஆரஞ்சு, காபி, மிளகு, பட்டர் ஃப்ரூட் வரும். மத்தியதரைக்கடல் உணவு என்று உலகம் புகழ்வதைப் பிரித்துப் பார்த்தால் காய்கறி, பயறு, பழம், கொட்டை, மீன், ஆலிவ் எண்ணெய்தான். இதில் முக்கால்வாசி இந்தச் சந்தையிலேயே இருக்கிறது.

ஆலிவ் எண்ணெயை எடுத்துக்கொள்வோம். சிசிலித் தீவில் புதிதாக ஆட்டிய ஆலிவ் எண்ணெயை ருசித்த கேரி போஷாம் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்குத் தொண்டையின் பின்புறம் சுருக்கென்றது. அவர் ஆய்வுக்காகச் சுவைத்துப் பழகியிருந்த இபுப்ரோஃபென் மருந்தும் அதே இடத்தில் அதேபோலச் சுருக்கென்று எரியும். அந்த எரிச்சலைத் தந்த பொருளைப் பிரித்தெடுத்து ‘ஓலியோகாந்தல்’ என்று பெயரிட்டு, இபுப்ரோஃபென் தடுக்கும் அதே நொதியை இதுவும் தடுக்கிறது என்று 2005இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அழகான கண்டுபிடிப்பு. அளவும் அதிலேயே இருக்கிறது: ஐம்பது மில்லி எண்ணெய் குடித்தால் பெரியவருக்கான வலிமருந்து அளவில் பத்தில் ஒரு பங்கு கிடைக்கும். மூட்டழற்சியுள்ள குழந்தைக்கு மருந்தை நிறுத்திவிட்டு இதைத் தரலாம் என்று யாரும் வாதிட முடியாது.

கீழ்மலையின் பட்டர் ஃப்ரூட்டில் ஓலியோகாந்தல் கிடையாது. ஆனால் ஆலிவ் எண்ணெயின் பெரும்பகுதியான ஓலிக் அமிலம் இதிலும் முதன்மையான கொழுப்பு. தடியன்குடிசையிலுள்ள வேளாண் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ‘டி.கே.டி.-1’ என்று இதில் ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. நூறு கிராம் சதையில் ஏறத்தாழ 160 கலோரி, 15 கிராம் கொழுப்பு, ஆறேழு கிராம் நார்ச்சத்து. தாடை வலிக்கும், பசி மந்தமான, எடை ஏறாத குழந்தைக்கு மெல்லாமல் விழுங்கக்கூடிய, சின்ன அளவில் நிறைய சக்தி தரும் உணவு வேறு எது இவ்வளவு பக்கத்தில் கிடைக்கும்? பாலோடு அடித்துத் தரலாம். சர்க்கரையைக் கொட்டாமல் ஒரு மலைவாழையைச் சேர்த்தால் போதும். புவிசார் குறியீடு வாங்கிய விருப்பாச்சி மலைவாழை இந்த மலைச்சரிவுக்கே உரியது.

மலையில் குறைவது மீன். அழற்சி விஷயத்தில் ஆதாரம் ஓரளவு பலமாக இருப்பதும் மீன் கொழுப்புக்குத்தான். நம் அணுக்களின் உறையில் இருக்கும் அராகிடோனிக் அமிலத்திலிருந்து வலியையும் வீக்கத்தையும் தூண்டும் பொருள்கள் உருவாகின்றன. மீனிலுள்ள ஒமேகா-3 கொழுப்புகள் உறையில் அதன் இடத்தைப் பிடிக்கின்றன. அவற்றிலிருந்து உருவாகும் பொருள்கள் வீரியம் குறைந்தவை. சில பொருள்கள் எரியும் அழற்சியை அணைத்தும் வைக்கின்றன. பெரியவர்களின் முடக்குவாத ஆய்வுகளில் நாளொன்றுக்கு மூன்று கிராம் அளவில் மாதக்கணக்கில் எடுத்தவர்களுக்கு வலி கொஞ்சம் குறைந்தது, வலிமாத்திரைத் தேவையும் குறைந்தது. குழந்தைகளிடம் நடந்தவை சின்ன ஆய்வுகள். அவற்றை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

எல்லா மீனிலும் இந்தக் கொழுப்பு ஒன்றுபோல இல்லை. வைகை அணை, பாலாறு பொருந்தலாறு அணைப் பக்கமிருந்து வரும் கட்லா, ரோகு, ஜிலேபி நல்ல புரதம், ஒமேகா-3 சொற்பம். கடல்மீனில் விலை மலிந்த மத்தி, அயிலை இரண்டும் இந்த விஷயத்தில் வஞ்சிரத்தைவிடக் குறைந்தவை அல்ல. நூறு கிராம் மத்தியில் ஒரு கிராம் வாக்கில் கிடைத்துவிடும். வாரம் இரண்டு நாள் குழம்பு வைத்தால் நல்லது. கருவாடு என்றால் உப்பைக் கவனியுங்கள், ஸ்டீராய்டு சாப்பிடும் குழந்தைக்கு உப்பு ஆகாது. சைவ வீட்டில் ஆளி விதை, வால்நட் தரலாம். ஆனால் அவற்றிலிருக்கும் தாவர ஒமேகா-3யை உடம்பு மீன்வகைக் கொழுப்பாக மாற்றும்போது நூற்றில் பத்துப் பங்குகூடத் தேறுவதில்லை.

இனி மஞ்சளும் மிளகும். கீழ்மலைக் காபித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்திருக்கும் மிளகுக் கொடியைப் பார்த்தவர்களுக்கு, மிளகு போட்ட மஞ்சள் பால்தான் மருந்து என்று சொன்னால் உடனே பிடித்துப்போகும். இதற்குப் பின்னால் ஒரு நிஜ ஆய்வு இருக்கிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்தது, 1998இல் வெளியானது. மஞ்சளின் சாரமான குர்க்குமின் இரண்டு கிராமைத் தனியாகக் கொடுத்தால் ரத்தத்தில் கண்ணுக்கே படவில்லை. மிளகின் சாரமான பைப்பரின் இருபது மில்லிகிராமைச் சேர்த்ததும் இருபது மடங்கு ஏறியது. உலகம் முழுக்க விற்கும் மஞ்சள்-மிளகு மாத்திரைகள் எல்லாம் இந்த ஒரு கட்டுரையின் வாரிசுகள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மஞ்சள்தூளில் குர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு வாக்கில்தான். இரண்டு கிராம் குர்க்குமின் வேண்டுமானால் அறுபது கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் தின்ன வேண்டும். பாலில் போடும் ஒரு சிட்டிகைக்கும் அந்த ஆய்வுக்கும் சம்பந்தமே இல்லை. மூவாற்றுப்புழையில் முடக்குவாதம் வந்த 45 பெரியவர்களிடம் குர்க்குமின் மாத்திரையைச் சோதித்து 2012இல் எழுதினார்கள், பலன் இருந்ததாகவும் சொன்னார்கள். ஆனால் சின்ன ஆய்வு, மருந்தற்ற போலி மாத்திரையோடு ஒப்பிடவில்லை. மறுபக்கம், மிளகுச்சாரம் சேர்த்த மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் பற்றி அமெரிக்காவிலிருந்து பதிவுகள் வந்திருக்கின்றன. மூட்டழற்சிக் குழந்தைகளுக்கு முதல் வரிசையில் தரும் மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைச் சோதிக்கும் மருந்து. குழம்பில் போடும் மஞ்சளுக்கு யாரும் பயப்பட வேண்டாம். டப்பாவில் வரும் மாத்திரையை மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள்.

பூண்டுக்கும் இதே நியாயம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டின் காரம் தனி, பூண்டுப் பால் இந்த ஊரில் கைமருந்து. முடக்கத்தான் தோசை, மலை வழிகளில் விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் எல்லாம் சாப்பிடத் தக்கவைதான். எலிகளிடமும் சோதனைக் குழாய்களிலும் இவை அழற்சியைக் குறைத்ததாகக் கட்டுரைகள் உண்டு. குழந்தைகளின் மூட்டழற்சியைக் குறைத்தது என்று காட்டும் முறையான சோதனை இல்லை. சூப் குடித்த மறுவாரம் வீக்கம் வடிந்தது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. இந்த நோய் தானாகவே பொங்கும், தானாகவே தணியும். பொங்கி வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புதிதாக ஒன்றைத் தேடுகிறோம். தணியும்போது கையில் எந்தக் கிண்ணம் இருந்ததோ அதற்குப் பெயர் போய்விடுகிறது. ஒரு பாதிக் குழந்தைகளுக்கு மருந்தும் மறு பாதிக்குப் போலியும் கொடுத்து, எது எவருக்கு என்று கொடுப்பவருக்கும் சாப்பிடுபவருக்கும் தெரியாமல் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

அப்படிப் பார்த்த ஓர் இந்திய ஆய்வு லக்னோவில் நடந்தது. குடலிலுள்ள நுண்ணுயிர்களுக்கும் மூட்டுக்கும் உறவு உண்டு என்பது இன்று ஏறக்குறைய ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். நாம் தின்னும் நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் புளிக்க வைத்து ‘பியூட்டிரேட்’ போன்ற சிறு அமிலங்களைத் தருகின்றன. அந்த அமிலங்கள் நோய் எதிர்ப்புப் படையை அடக்கி வைக்கும் அணுக்களை வளர்க்கின்றன. அப்படியானால் நல்ல பாக்டீரியாவையே பொட்டலமாகக் கொடுத்தால் என்ன? சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனத்தில் குதிகால் வலி வகை மூட்டழற்சியுள்ள ஐம்பதுக்கும் குறைவான பிள்ளைகளைப் பிரித்து, வலிமருந்தோடு சிலருக்குப் புரோபயாட்டிக்கும் சிலருக்குப் போலியும் பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். 2016இல் முடிவு வந்தது. இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இதை நான் தோல்வி என்று எழுத மாட்டேன். குடலின் வழியே மூட்டைத் தொட முடியும் என்பதற்குச் சாட்சி வேறு பக்கம் இருக்கிறது. ‘கிரோன்’ என்ற குடல் அழற்சியுள்ள குழந்தைகளுக்குச் சில வாரங்கள் மற்ற உணவெல்லாம் நிறுத்தி, தயாரிக்கப்பட்ட திரவ உணவு மட்டும் கொடுத்தால் பெரும்பாலோருக்கு நோய் அடங்குகிறது; ஸ்டீராய்டுக்கு இணையான பலன். சுவீடனில் சில மூட்டழற்சிக் குழந்தைகளிடமும் இதைச் செய்து பார்த்தார்கள். சிலருக்கு மூட்டு தணிந்தது. பலரால் அந்த உணவோடு தாக்குப்பிடிக்கவே முடியவில்லை. பிரியாணி வாசம் வரும் வீட்டில் ஒரு குழந்தை வாரக்கணக்கில் டின் பால் மட்டும் குடித்துக் கிடப்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் குழந்தைகள்மேல் குறை சொல்லத் தோன்றாது. பொட்டலத்து பாக்டீரியா பலிக்காவிட்டாலும், பட்டர் பீன்ஸும் பட்டாணியும் தினமும் தட்டில் இருப்பதால் நஷ்டம் எதுவும் இல்லை. நாரும் புரதமும் சேர்ந்தே வருகின்றன. ‘வாயு’ என்று இவற்றை எடுக்கச் சொல்வதற்குத்தான் ஆதாரமே இல்லை. உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரிக்காய் மூட்டைக் கெடுக்கும் என்பதற்கும் இல்லை.

குறைக்க வேண்டியதும் இருக்கிறது, அது சர்க்கரை. பழனி மலையடிவாரத்தில் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். மலைவாழை, வெல்லம், நெய், தேன், பேரீச்சை, கற்கண்டு சேர்ந்த பஞ்சாமிர்தம் பிரசாதம். ஒரு கரண்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சாப்பிடலாம். டப்பாவை மடியில் வைத்துக்கொள்வதுதான் பிரச்சினை. கொடைக்கானல் ஏரிக்கரையில் விற்கும் சாக்லேட்டுக்கும் இது பொருந்தும். வீக்கம் கட்டுக்கடங்காதபோது பிரட்னிசோலோன் கொடுப்பார்கள். அந்த ஸ்டீராய்டு அகோரப் பசியை உண்டாக்கும், முகத்தை ஊத வைக்கும், சர்க்கரையை ஏற்றும், எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவும். அந்த மாதங்களில் பசிக்கு இனிப்பையும் பஜ்ஜியையும் நீட்டினால் எடை ஏறும், ஏறிய எடை வீங்கிய முழங்காலில்தான் இறங்கும். வேகவைத்த கடலை, முட்டை, மோர், கேழ்வரகு அடை கையருகே இருக்கட்டும். நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்பு 340 மில்லிகிராமுக்கு மேல், அரிசியில் அதன் நிழல்கூட இல்லை. மேகம் மூடாத நாளில் நடுப்பகல் வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விளையாட விட்டால் வைட்டமின் டி-யும் சேரும்.

மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை மட்டும் தரும் மருந்து. தினமும் தந்தால் ஆபத்து. அந்த நாளில் சில குழந்தைகளுக்குக் குமட்டும், மாத்திரையைப் பார்த்தாலே வாந்தி வரும். வெள்ளி அல்லது சனி இரவில், சாப்பிட்டுத் தூங்கப் போகும் முன் கொடுத்தால் குமட்டலைத் தூங்கிக் கடக்கலாம் என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். மறுநாள் இஞ்சி தட்டிப் போட்ட கஞ்சி, தயிர்சாதம் எது இறங்குகிறதோ அது. இந்த மருந்து ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கிறது என்பதால், அதோடு ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதித் தருவார்கள். கீரையிலும் அதே சத்து இருக்கிறதே, மருந்து முறிந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. முறியாது. கீரை தாராளமாகக் கொடுங்கள். டோசிலிசுமாப் போன்ற உயிரியல் ஊசி போடும் குழந்தைக்குக் காய்ச்சாத பால் மட்டும் வேண்டவே வேண்டாம், மாடு சொந்த வீட்டு மாடானாலும்.

காலை உணவுக்கும் இந்த நோய்க்கும் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. விறைப்பு உச்சத்தில் இருக்கும் நேரமும் பேருந்துக்கு ஓடும் நேரமும் ஒன்றே. முகம் கழுவி, உடுத்தி முடிப்பதற்குள் சாப்பாட்டுக்கு நேரம் போய்விடும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் பிள்ளைத் தெரு தொடக்கப் பள்ளியில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. மூட்டு இளகிய நேரத்தில் சூடாகப் பொங்கலோ உப்புமாவோ சாம்பாரோடு கிடைக்கிறது. மதியம் சத்துணவில் முட்டையும் உண்டு. வாயு, சூடு என்று சொல்லி முட்டையை வேண்டாமென்று ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் ஒரு மணி நேரம் முன்னதாக எழுப்பி, வெந்நீரில் குளிக்க வைத்தால் விறைப்பு சீக்கிரம் விடும்.

மருந்து இல்லாவிட்டால் மூட்டு என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமிக்கு முப்பது வயதில் கடுமையான முடக்குவாதம் வந்தது. ராணுவ மருத்துவப் பணியை விட்டார், நெடுநாள் படுத்த படுக்கையாகக் கிடந்தார், விரல்கள் கோணின. அந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகி ஒரு லட்சத்துக்கும் மேல் கண் அறுவை செய்தார். அவர் மனவலிமையை வியக்கிறோம், சரிதான். ஆனால் அவருக்கு நோய் வந்தபோது மூட்டைக் காக்கும் இன்றைய மருந்துகள் இருக்கவில்லை. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டை அமெரிக்கா அங்கீகரித்ததே 1988இல்தான். இன்றைய குழந்தையின் விரல் கோண வேண்டிய அவசியம் இல்லை, பத்தியம் பார்த்துக்கொண்டு மாதங்களைக் கழிக்காமல் இருந்தால்.

கண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த நோய் சில குழந்தைகளுக்குக் கண்ணுக்குள்ளும் அழற்சியை உண்டாக்கும். பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது, குழந்தைக்கே தெரியாது. ‘ஸ்லிட் லாம்ப்’ கருவி வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். பிடிபடாவிட்டால் பார்வை போகும். எந்தக் கேரட்டும் இதைத் தடுக்காது. குழந்தையின் மூட்டு வீக்கம் ஆறு வாரத்தைத் தாண்டினால் மலையிறங்கி மூட்டுவாத நிபுணரிடம் காட்டுங்கள். அதே பயணத்தில் கண்ணையும் பரிசோதியுங்கள். மூட்டு வலி நின்ற பிறகும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கண் பரிசோதனையைத் தொடருங்கள்.